கழன்ற எர்த் வயர்

"எங்கப்பா நினைவா வச்சிருந்த வண்டி. எழுபதாயிரம் குடுங்க" என்று பழைய காரைத் தட்டினார் சொந்தக்காரர். சாவியைத் திருகினால் சத்தமே இல்லை.

பானட்டைத் திறந்ததும், அதை வாங்க வந்த கார் எலெக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியின் எர்த் வயர் கழன்றிருந்தது. அதன் நட்டை முடுக்கினால் வண்டி கிளம்பிவிடும், விலையும் ஏறிவிடும். அவன் கை வைக்கவில்லை. கடை வாடகை பாக்கி அறுபதாயிரம், கையிலோ முப்பது. இதை வாங்கி விற்றால்தான் கடை தங்கும்.

"வயரிங் மொத்தமும் போச்சுண்ணே. முப்பதுக்கு மேல பேசாதீங்க."

"வயித்துல அடிக்கிறீங்களே தம்பி" என்றவர், எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உடனே நட்டைக் கையாலேயே முடுக்கினான். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. என்ஜின் மட்டும் அசையவில்லை. பிஸ்டன் இறுகிப் பல மாதம் ஆகியிருந்தது.

துருப்பிடித்த நட்டில் புது ஸ்பேனர் தடம். செத்த என்ஜின் தெரியாமல், கோளாறு இவ்வளவுதான் என்று இவன் உள்ளுக்குள் சிரிக்கட்டும் என்றே அவர் வயரைக் கழற்றி வைத்திருக்கிறார்.

கையிருப்பு சைபர். பாக்கி அறுபதாயிரம். வண்டியை இழுத்துப்போகும் கூலி தனி.