சாம்பல் போட்டுத் துலக்கிய டிஸ்குகள்

குளொடோக் மின்பொருள் கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் குழல்விளக்கு இரைகிறது. இபு, அதாவது அம்மா, என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் சுலாஸ்திரி கூடையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, துண்டில் சுற்றிய கீபோர்டையும் மவுஸையும் முதலில் எடுக்கிறார். அடியில் பழைய பேய்ப்பட டிஸ்குகள். "எம்மவன் பாயு சாகுறதுக்கு முன்னால சொன்னான், இதெல்லாம் புதையல்மா, தேவப்பட்டா வித்துக்கோன்னு." நான் வேலை பார்க்கும் கடையின் முதலாளி ஆலியோங் அண்ணன் ஒரு டிஸ்கை விளக்குக்கு நேரே சாய்க்கிறார். வானவில் தெரியவேண்டிய பரப்பு முழுக்க வெள்ளைக் கீறல்கள். அடுத்ததும் அப்படியே. கீபோர்டை அழுத்தினால் நறநறக்கிறது. "பளபளன்னு இருக்குல்ல? ஒரே தூசியாக் கெடந்துச்சு. சட்டி துலக்குற சாம்பலப் போட்டு ஒண்ணொண்ணா நானே தேச்சேன்," என்று இபு சிரிக்கிறார். அவர் நகக்கண்களில் இன்னும் கருப்பு இருக்கிறது.

சாம்பல் கீறிய இந்த டிஸ்குகள் இனி எதிலும் ஓடாது. அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் குனிந்துகொள்கிறேன். அவர் தொண்டையைச் செருமுகிறார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க இபு. ஆனா இந்தப் படத்தையெல்லாம் இப்ப யாரு பாக்குறா? மதிப்பே இல்ல." காலையில்கூட இதே படங்களைக் கேட்டு ஒருவர் வந்துபோனார்.

இபுவின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. "பைத்தியக்காரப் பய. திங்காம கொள்ளாம இதையா வாங்கிச் சேத்தான்? புதையலாம்ல, புதையல்." துண்டில்கூடச் சுற்றாமல் எல்லாவற்றையும் கூடைக்குள் தள்ளுகிறார். ஒரு டிஸ்க் தரையில் உருண்டு என் காலடியில் விழுகிறது. எடுத்து நீட்டுகிறேன். பாயு சொன்னது பொய்யில்லை என்று வாய்வரை வருகிறது. இபு அதை வாங்கிக்கொள்ளாமலே படியேறுகிறார்.