தொப்பையன் ஒளிந்த இடம்

தீயணைப்பு நிலையத்தின் பயிற்சிக் கட்டடத்தில் தொப்பையன் என்றொரு பொம்மை இருந்தான். சாக்குக்குள் மணலை அடைத்துத் தைத்த ஆள். ஒவ்வொரு பயிற்சியிலும் அவனை மாடி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் புகை போடுவார்கள். வீரர்கள் ஏணியில் ஏறி நேராக ஜன்னலுக்கு வந்து, தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். கீழே நிற்பவர்கள் கைதட்டுவார்கள். தொப்பையனுக்கு எரிச்சலாக இருக்கும்.

பெரிய அதிகாரி வந்திருந்த அன்று, புகை கிளம்பியதும் அவன் உருண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"அடேய், உன் இடம் இது இல்லையே," என்று பதறியது ஜன்னலில் சாய்ந்திருந்த ஏணி.

"வீடு பத்திக்கிட்டா எந்தக் குழந்தை ஜன்னல்ல உட்கார்ந்து காத்திருக்கும்? பயந்து எங்கேயாவது ஒளியத்தான் செய்யும்."

வீரர்கள் வந்தார்கள். ஜன்னலோரம் காலியாக இருக்கவே, பொம்மையை வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து இறங்கிவிட்டார்கள். அதிகாரியின் முகம் இறுகியது. "வெச்சதை நான் பார்த்தேன். மறுபடி ஏறுங்க," என்றார்.

"ஒரு குரல் கொடுத்துடுடா. பசங்க மானம் போகுது," என்று கெஞ்சியது ஏணி.

"புகையைக் குடிச்சவன் குரல் கொடுப்பானா? தேடட்டும்."

இந்த முறை அவர்கள் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தார்கள். சுவரைத் தடவி, கதவுக்குப் பின்னால் துழாவி, கடைசியில் ஒரு கை கட்டிலுக்கு அடியில் நீண்டு தொப்பையனின் காலைப் பிடித்தது. அன்று கீழே யாரும் கைதட்டவில்லை.

அடுத்த பயிற்சிக்கு முன் ஏணி குழைந்து கேட்டது: "இன்னைக்கு எங்கே இருப்பே? என்கிட்ட மட்டும் சொல்லேன்."

தொப்பையன் அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டான்.