நான்காவது நிமிடம்

மூன்று நிமிடம் முடிந்து பதினோரு விநாடி ஆகியிருந்தது. பேச்சித்தாய் ஐஸ் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போதும்மா, எடுத்துருங்க" என்றாள் டாக்டர் சுப்ரஜா, இரண்டாவது முறையாக.

பேச்சித்தாய் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை தொட்டிக்குள் இருந்தது. முக்கூடலில் முப்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள் தண்ணீருக்கடியில் செக்கச்சிவந்து விரிந்திருந்தன.

இடது கையில் கட்டியிருந்த கருவி ரத்த அழுத்தத்தை 174 என்று காட்டியது. உள்ளே வந்தபோது 130.

ஆய்வு எளிமையானதுதான். தொட்டியில் இரண்டு டிகிரித் தண்ணீர். கையை விட வேண்டும். தாங்க முடியாதபோது எடுத்துவிட வேண்டும். வருடக்கணக்காகத் தியானம் செய்கிறவர்கள் முப்பது பேர், தியானத்தில் உட்கார்ந்தே பழகாதவர்கள் முப்பது பேர். யார் எத்தனை விநாடி?

சுப்ரஜா அந்த மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்துகிறவள். தினமும் விடிகாலையில் ஒரு மணி நேரம் கண்மூடி உட்காருகிறவள். வலி உடம்புக்கு வருவது, மனம் அதைப் பற்றிக்கொள்ளும்போதுதான் துக்கமாகிறது என்ற புத்தரின் போதனையை அவள் நம்பினாள். நம்பினால் மட்டும் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்றும் நினைத்தாள்.

தியானம் செய்கிறவர்கள் சராசரியாக இரண்டு நிமிடம் தாங்கினார்கள். மற்றவர்கள் நாற்பது விநாடி. மூன்று நிமிடம் உச்சவரம்பு. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

மற்றவர்களைத் திரட்டுவது லேப் டெக்னீசியன் பெனோவின் வேலை. அறுவை சிகிச்சை அரங்குக்கு வெளியே காத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களிடம் போய்க் கேட்பான். அவர்களிடம்தான் நேரம் நிறைய இருந்தது.

பேச்சித்தாயின் பத்தொன்பது வயது மகள் காலை எட்டு மணியிலிருந்து இரண்டாவது மாடியில் இருந்தாள். இதய வால்வு.

"ஏக்கா, ஐஸ் பெட்டியில மீனு கூட இம்புட்டு நேரம் கிடக்காது. எடுங்க" என்றான் பெனோ. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

கருவியில் 184.

சுப்ரஜா பேச்சித்தாயின் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கை அசையவில்லை.

"தொடாதீய டாக்டரம்மா." பற்கள் கிட்டியிருந்ததால் சொல் நசுங்கி வந்தது. "மேல இன்னும் முடியலல்லா?"

"என்ன முடியல?"

"ஆபரேசன். இந்தத் தம்பிதான சொன்னாரு, நான் பொறுக்குத வலி நோயாளிக்கு ஒதவும்னு."

பெனோவின் முகம் வெளுத்தது. அவன் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வான்: நீங்கள் தாங்குகிற வலி நாளைக்கு நோயாளிகளுக்கு உதவும். ஒப்புதல் படிவத்தின் முதல் வரியே அதுதான்.

"அது அப்படி இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்றாள் சுப்ரஜா.

"கோயில் கொடையில நான் தீச்சட்டி எடுத்தப்பவும் எங்க வீட்டு ஆளு இதத்தான் சொன்னாவ. சட்டியக் கீழ வச்சனா? மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு."

"சம்பந்தம் இல்லைன்னு நான் சொல்லுதேன்ம்மா."

"அளந்து பாத்திருக்கியளா?"

சுப்ரஜா கருவியைப் பார்த்தாள்.

196.

இழுத்து எடுத்துவிடலாம். பெனோவும் சேர்ந்தால் முடியும். ஆனால் கையை வெளியே இழுத்த பிறகு மாடியில் ஏதாவது ஆகிவிட்டால், இவள் சாகும்வரை அந்தக் கையைத்தான் குற்றம் சொல்வாள். இழுக்காவிட்டால் இவளுக்கே ஏதாவது ஆகிவிடும்.

சுப்ரஜா வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் வைக்கேன். நீங்க எடுங்க."

பேச்சித்தாய் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றுகிறாளா என்று தேடுகிற பார்வை.

"எம்புட்டு நேரமானாலும் வச்சிருப்பியளா?"

"வச்சிருப்பேன்."

"ஒங்க கை உள்ள வந்தப்பெறவுதான் நான் எடுப்பேன். நடுவுல விட்டுரக் கூடாது."

தொட்டிக்குள் இரண்டு கைகளும் ஒரு விநாடி உரசிக்கொண்டன. பிறகு பேச்சித்தாயின் கை வெளியே வந்தது. பெனோ அதைத் துண்டில் சுற்றி, அவளைத் தாங்கலாக அடுத்த அறைக் கட்டிலுக்குக் கூட்டிப் போனான். வாசலில் அவள் ஒருமுறை திரும்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

கதவு சாத்தப்பட்டது.

சுப்ரஜா கண்ணை மூடினாள். வெறுமனே கவனிக்க வேண்டும். வலி வருகிறது, இருக்கிறது, போய்விடும். ஆய்வு தொடங்கும் முன் தன் கையை விட்டுச் சோதித்தபோது இரண்டரை நிமிடம் இப்படித்தான் இருந்தாள்.

இன்று வலி போகவில்லை. எலும்புக்குள் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதை மட்டும் தனியாகப் பார்க்கலாம் என்றால், மாடியில் மார்பு திறந்து கிடக்கும், ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண் குறுக்கே வந்துகொண்டே இருந்தாள்.

பெனோ திரும்பி வந்தான். "பிரஷர் இறங்குது மேடம். படுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "எடுத்துருங்க. அவங்களுக்குத் தெரியாது."

"மேல முடிஞ்சிட்டான்னு கேட்டீங்களா?"

"இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம்."

அவள் கையை எடுக்கவில்லை. கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

பெனோ தொட்டியைப் பார்த்தபடி நின்றான். பிறகு சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.