போனில் அழுத பெண்

மகள் வேலையிலிருந்து வந்தபோது, எதிர்வீட்டு அக்காவின் பாத்திரங்களை அம்மா ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"திருப்பிக் கொடுத்துட்டு வா. வேற மதத்துக்காரங்க சகவாசமே இனி வேணாம்."

"நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராப்பகலா கூட இருந்தது அந்த அக்காதானேம்மா?"

"எல்லாம் வேஷம்டி. போன்ல ஒரு பொண்ணு பேசினா. நம்ம மதத்துக்கு ஆபத்துன்னு தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"தேர்தல் நேரம்மா. எவளாவது கூலிக்கு அழுதிருப்பா."

"வாயைக் கழுவு! கூலிக்கு அழறவளுக்கு அப்படித் தொண்டை அடைக்குமா? அவ நல்ல தாய் வயித்துல பொறந்தவ."

மகள் பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

உள்ளே போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். "நம்ம மதத்துக்கு ஆபத்து..."

அம்மா கேட்ட அதே அழுகை. கடவுளின் பெயர் மட்டும் வேறு.

ஒலிப்பதிவு அறையில் குரலை மாற்றி இரண்டு கட்சிகளுக்கும் அழுது கொடுத்தவள், பாத்திரப் பையோடு வாசலில் கூனிக் குறுகி நின்றாள்.

கதவு திறந்தது. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"நானே வரணும்னு இருந்தேன்" என்றாள் அக்கா, முகத்தைப் பார்க்காமல்.

அவள் கையில் அம்மாவின் டிபன் கேரியர் இருந்தது.