கவரை உள்ளே வையுங்கள்

"முதல்ல அந்தக் கவரை எடுத்து உள்ள வைங்கம்மா. உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கைநீட்டி வாங்கினா எனக்குச் சோறு இறங்காது."

வக்கீல் ஒற்றை விரலால் பழுப்புக் கவரை மேசையின் மறுபக்கம் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா அதை எடுக்கவில்லை. மேசை விளிம்பிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஜூனியருக்கு இந்தப் பெருந்தன்மை புதிதல்ல. அடுத்த மாதம் தேர்தல். வாசல் பலகையில் 'வழக்கறிஞர்' சின்ன எழுத்திலும் 'சட்டமன்ற உறுப்பினர்' பெரிய எழுத்திலும் இருந்தன. தெருமுனைச் சுவரொட்டியில் இரண்டையும் சேர்த்து 'ஏழைகளின் வக்கீல்' என்று போட்டிருந்தார்கள்.

வக்கீலின் தலைக்கு மேல் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தது. சட்டமன்றத்தில் எழுந்து நின்று, கட்சிக் கொறடா நீட்டிய துண்டுச்சீட்டைக் கம்பீரமாக வாசிக்கிறார். ஐந்து வருடத்தில் அவர் அவையில் கொட்டாவிக்கு அல்லாமல் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். கண்ணாடி போட்டு மாட்டாமல் என்ன செய்வார், பாவம்.

"சொல்லுங்க. என்ன நடந்தது?"

"ரோட்டை அகலமாக்கறோம்னு வீட்டை இடிச்சுட்டாங்க சார். நான் தைச்ச துணியைக் குடுத்துட்டு வரப் போயிருந்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், ரெண்டு வருஷமா படுக்கை. கட்டிலோட தூக்கி வெயில்ல வச்சுட்டு இடிச்சிருக்காங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"பதினோராம் நாள் போயிட்டாரு."

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் நடிப்பு இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இதை எழுதுகிற எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

"முன்னாடியே நோட்டீஸ் குடுத்தாங்களா? கூப்பிட்டு விசாரிச்சாங்களா?"

"ஒண்ணும் இல்ல சார். கேட்டதுக்கு, இப்ப சட்டப்படி அதெல்லாம் தேவையில்லைன்னாங்க."

"எந்தச் சட்டம்? யோவ், அந்தப் புத்தகத்தை எடு!"

ஜூனியர் எடுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பிடித்துவிடுகிற கண்கள் வக்கீலுக்கு. பக்கம் பக்கமாக ஓடிய கண்கள் ஓரிடத்தில் நின்றன.

"அடப்பாவிகளா! முப்பது நாள் நோட்டீஸ் குடுத்து, குடியிருக்கறவங்க சொல்றதைக் கேட்டப்புறம்தான் இடிக்கணும்னு இருந்துதே! ஒரே திருத்தத்துல மொத்தமா தூக்கிட்டானுங்க. எவன்யா இதைக் கொண்டுவந்தது?"

ஜூனியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சட்டம் படிச்சவன் எவனும் இந்தக் காரியத்தைப் பண்ண மாட்டான்மா. ஏதோ ஒரு தற்குறி! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

தையல்காரம்மா முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "நிஜமா கேப்பீங்களா சார்?"

"கேக்காம விடுவேனா? நாளைக்கே கேஸ் போடறோம். யோவ், பத்திரிகைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு."

"அப்ப அந்தக் கவரைப் பிரிங்க."

"ஃபீஸ் வேணாம்னு சொல்லிட்டேனேம்மா!"

"அது ஃபீஸ் இல்ல சார். நாலு மாசமா அலைஞ்சு வாங்கினது."

வக்கீல் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு தாள், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பின் நகல். தேதி இருந்தது, திருத்தம் இருந்தது, 'முன்மொழிந்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே அவருடைய பெயர் இருந்தது. பெயருக்கு அடியில், துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு. பத்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 'மேசையைத் தட்டும் ஒலி' என்று அச்சாகியிருந்தது.

தலைக்கு மேல் இருந்த படத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு எழுந்து நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்திருக்கலாம்.

"இது... இது தெரிஞ்சேவா எங்கிட்ட கேஸ் குடுக்க வந்தீங்க?"

"கேஸ் குடுக்க யாரு சார் வந்தா?"

தையல்காரம்மா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ம், அந்த நாலு கேள்வியைக் கேளுங்க."