இரண்டு விரல்

கோல்ஃப் கிளப்பின் வாசல் கதவை டாயில் அகலத் திறந்து வைத்தான். உறுப்பினர் அல்லாத ஈ, எறும்பைக்கூட விடாமல் அவன் இத்தனை வருடம் காவல் காத்த கதவு.

மேலே மலைச்சரிவில் ஜூனிபர் மரங்கள் எரிந்தபடி தீ இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பாலை மேட்டில் ஈரம் என்று இருந்தது கிளப்பின் புல்வெளி ஒன்றுதான். தண்ணீர் தெளிப்பான்கள் முழு வேகத்தில் சுற்றின. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நாயும் கோழிக்கூண்டுமாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

"இன்னைக்காவது உங்க புல்ல மிதிக்கலாமா, டாயில்?" என்றாள் பண்ணைக்காரி லோரீன், முகமெல்லாம் கரியாக.

"தாராளமா மிதி. குதிரையையும் கூட்டிட்டுப் போ."

கீழே வளைவில் தீ சாலையைத் தாண்டிவிட்டது என்று அவன் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி அலறிக்கொண்டிருந்தது. டவுனுக்கு வேறு வழி கிடையாது. இனி இந்த வாசலைத் தாண்டிப் போகிறவன் பிழைக்கமாட்டான்.

எல்லோரும் வந்தாயிற்று. சாலையின் மேல்கோடியில் குடியிருக்கும் மெர்ல் மட்டும் வரவில்லை.

கிளப் ஆழமாகப் போர்வெல் போட்ட மறுகோடையில் மெர்லுடைய கிணறு வற்றியது. அன்றிலிருந்து பிக்கப் வண்டியில் வெள்ளைத் தொட்டியை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். கிளப் சம்பளம் வாங்குகிற எவனோடும் இனிப் பேச்சில்லை என்றார். சொன்னபடியே நின்றார்.

ஆனால் வாசலைக் கடக்கும்போது, ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமலே இரண்டு விரலைத் தூக்குவார். இந்தப் பக்கத்தில் பகையாளிக்கும் உண்டு அந்த மரியாதை. டாயிலும் இரண்டு விரலைத் தூக்குவான். எல்லாம் நல்லபடி, போய் வா என்று அர்த்தம். அந்த ஒரு நொடிக்காகவே அவன் தினமும் வேலைக்கு வந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

புகைக்குள்ளிருந்து வெள்ளைத் தொட்டி வெளிப்பட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் டாயிலுக்கு உயிர் வந்தது. சாலைக்கு ஓடினான்.

திறந்திருந்த கதவை மெர்ல் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தனக்காகத் திறந்தது என்று நினைத்திருக்கமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாக வந்தார். டாயிலைக் கண்டதும் இரண்டு விரலைத் தூக்கினார்.

டாயிலின் கை தானாக எழுந்தது. இரண்டு விரல்.

பாழாய்ப்போன பழக்கம். "நில்லு" என்று வாய் கத்தியபோது வண்டி கடந்துவிட்டிருந்தது. பின்னால் ஓடினான். கத்தினான். வாக்கிடாக்கியில் கெஞ்சினான். வளைவில் தீயணைப்பு ஆட்கள் யாரும் இல்லை என்று பதில் வந்தது.

பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் புகைக்குள் போயின.

கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்திருந்த கிழ உறுப்பினர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா அது? நம்ம மெம்பரா?"

"இல்லங்க சார்," என்றான் டாயில். "எங்க அண்ணன்."