மூன்றாவது புகைபோக்கி

நொச்சிக்குப்பத்துக்கு நேரே, எதிர்வெயிலில், சாம்பல் நிறக் கப்பல் ஒன்று நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. மணலில் நிற்கும் கிளாடிஸ் டீச்சர், தம்பி ஆம்ப்ரோஸின் பழைய கடிதத்தைக் காற்று பிடுங்காதபடி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்ற உல்லாசக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். யுத்தம் முடிந்தும் ஆளைக் காணோம். அந்தப் பெயரில் இப்போது கப்பலே கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள் கப்பல் ஆபீஸில். “இது பட்டாளத்துக் கப்பலு டீச்சரம்மா. பேரும் வேற எழுதிக்கீதாம்,” என்கிறான் கட்டுமரத்துக்காரன் பொன்னுரங்கம். அவள் கண்ணை எடுக்கவில்லை. கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள். முதல் இரண்டும் கரும்புகை கக்குகின்றன. மூன்றாவதற்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.

“யுத்தத்துக்குப் பிடிச்சுக்கிட்டா பேரை மாத்தலாம், பெயிண்டை மாத்தலாம். மூணாவது புகைபோக்கி சும்மா அழகுக்கு வெச்சது, உள்ளே துரைமாருங்க நாயைக் கட்டிவைக்கிறோம்னு தம்பி எழுதியிருக்கான். இதுதான் அவன் கப்பல்.”

தெருவுக்கு அப்பால் பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறது.

“டீச்சரம்மா, இஸ்கூல் மணி.”

“அடிக்கட்டும்.” கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஈரக் கட்டுமரத்தில் ஏறி உட்காருகிறாள். “நீ தள்ளு.”